உள்ளே யாரு?

பிப்ரவரி 4

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் எப்படி இருக்கிறீர்கள்? சின்னவனுக்குச் சளி விட்டதா? என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, காதைத் தவிர. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் என்னவோ சொன்னாய், நானும் "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். போனை வைத்த பிறகுதான் தம்பி சொன்னான், மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னாயாம். இதனால்தான் கடிதமே மேல் என்கிறேன். ஆலை இரைச்சலில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவனுக்குக் காகிதம்தான் காது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அப்பன் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். அவ்வளவு பிடித்திருந்தது.

உன் தம்பி துரை, தீவன ஆலையில் என்னோடு வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஓடிவிட்டது. நான் கீழே பேனல் அறையில் சுவிட்சுக்குக் காவல். அவன் மேலே, மாட்டுத் தீவனம் கலக்கும் தொட்டியைச் சுத்தம் செய்யும் ஆட்களோடு. தொட்டி நம் வீட்டுக் குளியலறையைவிடப் பெரிது. உள்ளே வளைந்து வளைந்து இரும்புத் தகடுகள். தவிடும் பாகும் சேர்ந்து கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆள் உள்ளே இறங்கித்தான் சுரண்ட வேண்டும்.

உடனே பயப்படாதே. புதுச் சட்டம் வந்த பிறகு எல்லாம் ஒழுங்கு. இறங்குகிற ஒவ்வொருவனும் என் அறைக்கு வந்து மெயின் சுவிட்சின் கைப்பிடியில் தன் பூட்டைப் போட வேண்டும். சாவி அவனவன் சட்டைப் பையில். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் சுவிட்சைத் தூக்க முடியும். அதற்கும் முன்னால் நான் படியேறிப் போய்த் தொட்டியின் வாயில் தலையை நீட்டி "உள்ளே யாரு?" என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். பாடம் நடத்த வந்தவர் எங்களை வரிசையில் நிறுத்திக் கூப்பிடப் பழக்கினார். கோரஸ் பாடுகிற மாதிரி இருந்தது.

துரைக்கு இது விளையாட்டாகிவிட்டது. காலையில் நான் குளிக்கப் போனால் போதும், கதவைத் தட்டுவான்.

"உள்ளே யாரு? உள்ளே யாரு? உள்ளே யாரு?"

"உன் அப்பன்டா!"

"அப்பன்னா பூட்டு எங்கே?"

வாய் மட்டும் இப்படி. மறதியோ சொல்லி மாளாது. தன் பூட்டுக்கு நீலப் பெயின்ட் எல்லாம் அடித்து அழகாகத்தான் வைத்திருக்கிறான். போடுவான், வேலை முடிந்ததும் கழற்றாமல் பஸ் ஏறிவிடுவான். பூட்டு தொங்கும், ஆலை நிற்கும், லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். முதல் தடவை பூட்டை வெட்டினார்கள். அடுத்த தடவை எழுத்தில் எச்சரிக்கை. இன்னொரு முறை என்றால் வேலை போய்விடும் என்றார் ஃபோர்மேன். "தலை கழுத்தோட ஒட்டியிருக்கு, அதனால வீடு வந்து சேருது. இல்லேன்னா அதையும் தொட்டிக்குள்ளயே வெச்சுட்டு வந்திருப்பான்" என்று நான் சொல்ல, ஆலையே சிரித்தது. துரையும்தான்.

அப்பன் சும்மா இருப்பானா? பூட்டுக்கடைக்குப் போய் அந்தப் பூட்டுக்கு ஒரு மாற்றுச் சாவி போட்டுவிட்டேன். வீடு, சைக்கிள், அலமாரி என்று அவனுடைய எல்லாச் சாவிக்கும் என்னிடம் ஜோடி உண்டு. உன் அம்மா போன நாளிலிருந்து அவனுடைய ஞாபகசக்தி நான்தானே. ஃபோர்மேனுக்கும் தெரியும். பூட்டு தொங்கினால், "பெரியவரே, உங்க வீட்டுச் சாவிய எடுங்க" என்பார். எடுப்பேன். யாருக்கும் நஷ்டமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

காது போன, மற்றபடி குறையில்லாத,
அப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். அவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. "மாமாவுக்கு ரொம்ப சந்தோஷமாமே" என்று இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். நீங்கள் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தவில்லையே?

உங்கள் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்து வந்தேன், மாற்றுச் சாவி வரும்வரை. அப்பா, நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் பஞ்சை எண்ணுவோம். எத்தனை பெரிய டாக்டர் அவசரப்படுத்தினாலும் எண்ணி முடிக்காமல் மூடவிட மாட்டேன். "எனக்குத் தெரியும், உள்ள ஒண்ணும் இல்ல" என்று சொல்கிற டாக்டரைப் பார்த்தால்தான் எனக்கு அதிகப் பயம்.

அந்தப் பூட்டுக்கு ஒரே சாவிதான் இருக்க வேண்டும், அது அவனிடம்தான் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அது பூட்டு. உங்களிடம் இருப்பதை உடனே தூக்கிப் போடுங்கள். வேலை போனால் போகட்டும், வேறு வேலை தேடிக்கொள்வான். தம்பிக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். திட்டுத்தான். நீங்கள் படிக்க வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 9

அன்புள்ள மகளுக்கு,

எல்லாரும் நலம்தானே? நானும் மாத்திரையும் ஒற்றுமையாக இருக்கிறோம்.

உத்தரவுப்படி சாவியைப் போட்டுவிட்டேன். எங்கே போட்டேன் என்று குறுக்கு விசாரணை எல்லாம் செய்யாதே. நீ வக்கீலுக்குப் படித்திருந்தால் ஊரில் பாதிப்பேர் உள்ளே இருந்திருப்பார்கள்.

தம்பிக்கு வைத்த தாளை நான் படிக்கவில்லை. அவன் அதை நின்றுகொண்டே படித்தான். பிறகு உட்கார்ந்து படித்தான். அப்புறம் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எனக்கு வைத்திருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டான். ஒரு வாரமாகப் பூட்டைக் கழற்றிக்கொண்டுதான் வருகிறான். "எத்தனை நாளைக்குடா இந்த வேஷம்?" என்றேன். முறைக்கிறான். அடியில் ஏதோ எழுதுவானாம். இடம் விடுகிறேன்.

இப்படிக்கு, இரண்டு பக்கமும் அடிவாங்கும்
அப்பா

அக்கா, நாந்தான். நீ எழுதினது சரி. இனிமே பூட்டுப் போடாம உள்ள இறங்க மாட்டேன், கழட்டாம வீட்டுக்கு வரமாட்டேன். உன்மேல சத்தியம். நீ ஆளு எப்படியோ, பயமுறுத்தறதுல அம்மா மாதிரியே இருக்க. அப்பாவ நம்பாத, அவர் எல்லாத்தையும் ஜோக்கா சொல்லுவாரு. சின்னவன்கிட்ட மாமா ஒரு பெரிய லாரி வாங்கி வெச்சிருக்கேன்னு சொல்லு. பொம்மை லாரிதான். அதைச் சொல்லாத.


ஜூன் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். உங்களைத் தனியாக விட்டுவிட்டு ரயில் ஏறியது இன்னும் உறுத்துகிறது. கூட வாருங்கள் என்று எவ்வளவு கெஞ்சினேன். காரியம் முடிந்த அன்றைக்கே மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டீர்கள். நான் இருந்த நாளெல்லாம் நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை அப்பா. சாப்பிடுகிறீர்களா?

சின்னவன் பொம்மை லாரியைப் படுக்கையில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான்.

ஃபோர்மேன் வீட்டுக்கு வந்து சொன்னது மறக்கவே மாட்டேன் என்கிறது. "பூட்டே போடாம இறங்கிட்டாம்மா. அவன் மறதி ஊருக்கே தெரியுமே. நாங்க என்ன பண்ண முடியும்?" அவர் சொன்னபோது அடிக்கலாம் போல இருந்தது. இப்போது யோசித்தால் கோபமெல்லாம் தம்பி மேல்தான் வருகிறது. செத்துப்போனவன் மேல் யாராவது கோபப்படுவார்களா? நான் படுகிறேன். மார்ச்சில் என்மேல் சத்தியம் பண்ணினான், மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு பூட்டு. அதைப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

நீங்கள் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். உங்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை. சாவியைக்கூட நான் சொன்னதும் தூக்கிப் போட்டுவிட்டீர்கள்.

உங்கள் மகள்


ஜூன் 29

அன்புள்ள மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் இல்லை.

சோறு இன்னும் இரண்டு பேருக்குத்தான் வடிக்க வருகிறது. கைக்கு அளவு மாறவில்லை. மிச்சத்தைத் தெருநாய்க்கு வைக்கிறேன். அது நன்றாக ஊதிவிட்டது.

தொழிற்சாலை ஆய்வாளர் என்று ஒரு அம்மா வந்திருந்தார். சின்ன வயசு. தவிட்டுத் தூசியில் இருமி இருமி ஆலையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரிடமும் எழுதி வாங்கினார். என்னிடமும் கேட்டார். பூட்டுப் போடவில்லை என்று ஃபோர்மேன் சொல்கிறார், மேலே நின்றவர்களும் சொல்கிறார்கள். நான் காது கேட்கவில்லை என்று சைகை காட்டிவிட்டேன்.

தம்பிமேல் கோபப்படாதே.

அப்பா


ஜூலை 18

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. இப்படி நீங்கள் எழுதியதே கிடையாது. அம்மா போனபோதுகூட, ஆம்புலன்ஸ்காரன் வழி கேட்டதை வைத்து ஒரு பக்கம் எழுதினீர்கள்.

ஆய்வாளர் அலுவலகத்துக்கு நான் போன் செய்து பேசினேன். பூட்டுப் போட்டிருந்து யாராவது திறந்திருந்தால் அது பெரிய குற்றமாம், முதலாளிக்கே சிறையாம். தொழிலாளியே விதியை மீறி இறங்கியிருந்தால் நிறுவனத்துக்குச் சின்ன அபராதத்தோடு போய்விடுமாம். "இறந்தவரின் கவனக்குறைவு" என்று எழுதி முடித்துவிடுவார்களாம். முடிக்கட்டும். உண்மை அதுதானே.

இன்னொன்று. சொல்லக்கூடாது என்று நினைத்தேன். மார்ச் கடிதத்தின் அடியில் தம்பி எழுதியிருந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டேன். "உன்மேல சத்தியம்" என்ற வரியைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. உங்கள் எழுத்தை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன்.

மாத்திரை சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 24

அப்பா,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது, பதில் இல்லை. பக்கத்து வீட்டு அத்தையிடம் போனில் கேட்டேன். "நடமாடறார். அந்த ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்துட்டு வரார்" என்கிறார். எந்த ஆபீஸ்? உடம்புக்கு ஏதாவது மறைக்கிறீர்களா? இரண்டு வரி போதும். எழுதுங்கள்.

உங்கள் மகள்


செப்டம்பர் 12

அன்புள்ள மகளுக்கு,

நீ சுகம்தானே? உட்கார்ந்து படி. மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது படி.

உடம்பில் எதையும் மறைக்கவில்லை. அந்த ஆபீஸ் ஆய்வாளர் ஆபீஸ். வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். காவலாளி நான் டீ விற்க வந்தவன் என்று நினைத்துவிட்டான். போன வாரம்தான் உள்ளே போனேன். அங்கே சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். முதலில் உனக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் என் பிள்ளை இல்லையே.

தம்பி பூட்டுப் போட்டிருந்தான்.

அன்றைக்கு நாலு பேர் இறங்கினார்கள். வேலை முடிந்ததும் மூன்று பேர் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். நீலப் பூட்டு மட்டும் தொங்கியது. ஃபோர்மேன் வந்தார். வெளியே லாரி. "பெரியவரே, தொங்குது பாருங்க. துரை இந்நேரம் பஸ்ல ஜன்னலோர சீட்டுல இருப்பார். உங்க வீட்டுச் சாவிய எடுங்க" என்றார். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஒன்று சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். உனக்குத் தெரியும். எப்போதும் சொல்வதுதான்.

சிரித்துக்கொண்டேதான் பூட்டைத் திறந்தேன், சுவிட்சையும் தூக்கினேன்.

சாவியை எங்கே போட்டேன் என்று கேட்காதே என்றேனே, டீத்தூள் டப்பாவுக்குள் போட்டேன். நீ சொன்னதற்காக இரண்டு நாள். அப்புறம் மறுபடி சட்டைப் பைக்கு வந்துவிட்டது. பிள்ளைக்கு வேலை போய்விடுமே என்று.

படியேறவில்லை. கூப்பிடவில்லை. மாடிப்படி, முழங்கால், லாரி, எல்லாம் சாக்கு. அவன் போய்விட்டான் என்று எனக்குத் தெரியும், அதனால் கூப்பிடவில்லை. நீ எழுதினாயே, தெரியும் என்று சொல்கிற டாக்டர் என்று. அவர்தான் நான். கூப்பிட்டிருந்தால் அவன் பதில் என் காதில் விழுந்திருக்குமா என்று சில சமயம் யோசிக்கிறேன். அது எனக்கு நானே சொல்லும் ஆறுதல். நான் கூப்பிடவே இல்லை.

மூலையில் பாகு கட்டியாக ஒட்டியிருந்ததாம். மற்றவர்கள் "போதும் வாடா" என்றிருக்கிறார்கள். "நேத்தும் இதுக்குத்தான் திட்டு வாங்கினோம், ஒரு நிமிஷம்" என்று அவன் மட்டும் நின்றிருக்கிறான். பூட்டைக் கழற்றவில்லை, ஏனென்றால் உள்ளே இருந்தான். அவனுடைய சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள், நீயும் பார்த்தாய். நீ அதை வெறும் சாவி என்று நினைத்தாய்.

பிறகு ஃபோர்மேன் பூட்டை எடுத்துக்கொண்டார். என் தோளைப் பிடித்து, "பெரியவரே, அவன் பூட்டே போடல. புரியுதா? நீங்க திறந்தது தெரிஞ்சா உங்களை உள்ள வெச்சுடுவாங்க. பொண்ணு முகத்துல எப்படி முழிப்பீங்க?" என்றார். சிறைக்கு நான் பயப்படவில்லை. கடைசிக் கேள்விக்குத்தான் வாயை மூடினேன். நீ இங்கே இருந்த நாளெல்லாம் நான் பேசாமல் இருந்தது அதனால்தான். பேச்சு எடுத்தால் இது வந்துவிடும்.

காலம் முழுக்க மூடியே இருந்திருப்பேன். அவன் எழுதினதைக் கிழித்துவிட்டேன் என்று நீ எழுதினாய் பார்.

அவன் மறக்கவில்லை அம்மா. உன்மேல் செய்த சத்தியத்தை அவன் காப்பாற்றினான். மற்றவர்களைவிட ஒழுங்காகக் காப்பாற்றினான். அவன் மறந்திருப்பான் என்று எங்கள் எல்லாருக்கும் அவ்வளவு நிச்சயம். அப்படி ஆக்கியது நான்தான், ஒவ்வொரு நாளும் ஒரு ஜோக்காகச் சொல்லி.

அவன்மேல் இருக்கும் கோபத்தை எடுத்து இங்கே வை. அது என்னுடையது.

அப்பா


நவம்பர் 3

அன்புள்ள மகளுக்கு,

பதில் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. நீ படிக்காமல் போட்டாலும் தபால்காரருக்கு ஒரு வேலை ஆகட்டும் என்று எழுதுகிறேன். சின்னவனுக்குக் குளிர் ஆகாது. கம்பளிச் சட்டை போடு.

வழக்குப் பதிவாகிவிட்டது. முதலாளி முதல் எதிரி, ஃபோர்மேன் இரண்டாவது, உன் அப்பன் மூன்றாவது. வாழ்க்கையில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தது இதுதான்.

நீலப் பூட்டு ஃபோர்மேன் மேஜை இழுப்பறையில் கிடைத்தது. ஆய்வாளர் அம்மா என் முன்னாலேயே என் சாவியைப் போட்டுத் திறந்து பார்த்தார், பிறகு தம்பியின் சாவியைப் போட்டு. இரண்டுக்கும் திறந்தது. பிறகு சட்டத்தை விளக்கினார். மாற்றுச் சாவி இருப்பது ஃபோர்மேனுக்குத் தெரியும், தெரிந்தும் தடுக்காமல் பயன்படுத்தினார், அதனால் நிறுவனமும் தப்ப முடியாதாம். வேலை செய்யும் இடத்தை ஆபத்தில்லாமல் வைப்பது முதலாளியின் கடமை. அதை மீறி உயிர் போனால் இரண்டு வருஷம்வரை சிறை, அபராதமும் உண்டு. "தொழிலாளிக்கு?" என்று கேட்டேன். "பாதுகாப்புக்கு வெச்ச பொருளைக் கெடுத்தா மூணு மாசம்வரைக்கும், இல்லேன்னா அபராதம்" என்றார். "அவ்வளவுதானாம்மா?" என்றேன். "ஐயா, அது பெத்தவங்களுக்குன்னு எழுதின சட்டம் இல்ல" என்றார். அப்புறம் தூசியே இல்லாத அந்த அறையில் இருமினார்.

முதலாளியின் வக்கீல் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "வாக்குமூலத்த வாபஸ் வாங்கிடுங்க, பையன் மறந்துட்டான்னே இருக்கட்டும். உங்களுக்கும் நல்லது" என்றார். காது கேட்கவில்லை என்றேன். மறுபடி சத்தமாகச் சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை அவர் கத்தியது தெருமுனைவரை கேட்டிருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டார். காது போனதில் ஒரே லாபம் இதுதான்.

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. வெட்கப்படும்படி நன்றாக இருக்கிறது.

அப்பா


பிப்ரவரி 17

அன்புள்ள மகளுக்கு,

எல்லாரும் சுகமாக இருங்கள். தீர்ப்பு வந்துவிட்டது.

முதலாளிக்கு ஒரு வருஷம் சிறையும் பெரிய அபராதமும். அப்பீல் என்று சொல்லி அங்கேயே ஜாமீன் வாங்கிக் காரில் போனார். ஃபோர்மேனுக்கு ஆறு மாதம். கூண்டிலேயே அழுதார். அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அழும்போது என்னைப் பார்த்தார், நான் பார்வையைத் திருப்பவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மூன்றாம் எதிரியைக் கூப்பிட்டார்கள். நீதிபதி அம்மா குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்றார். "ஆமாங்கம்மா, அதிகபட்சம் என்னவோ அதைக் குடுங்க" என்றேன். நீதிமன்றத்தில் அப்படிக் கேட்கக்கூடாதாம், வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இவர் அனுபவிக்கிறதுக்கு மேல நான் குடுக்க எதுவும் இல்ல" என்று சொல்லி, நீதிமன்றம் கலையும்வரை சிறை என்றார். அப்படி ஒரு தண்டனை இருக்கிறது உனக்குத் தெரியுமா? சிறைக்குப் போக வேண்டாம். அந்தக் கூடத்திலேயே ஒரு பெஞ்சில், அன்றைய வேலை முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

உட்கார்ந்தேன். வரப்புத் தகராறு ஒன்று நடந்தது. அப்புறம் புருஷன் பெண்டாட்டி வழக்கு. பியூன் எனக்குத் தண்ணீர் கொடுத்தான். மத்தியானம் வெயில் ஜன்னல் வழியாக என் காலடிவரை வந்து, திரும்பிப் போனது. மாலையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள், நீதிபதி போனார், ஃபேனை நிறுத்தினார்கள். என் தண்டனை முடிந்துவிட்டது. என் பிள்ளைக்கு அவ்வளவுதான்.

நான் எழுந்திருக்கவில்லை. பெருக்க வந்த அம்மா, "பெரியவரே, கோர்ட்டு கலைஞ்சாச்சு, வீட்டுக்குப் போங்க" என்றார். எந்த வீட்டுக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவர் பெருக்குவதற்காகக் காலைத் தூக்கிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் வாங்கிவந்தேன். தீர்ப்பில் ஒரு வரி. குமாஸ்தாவிடம் கேட்டுக் கேட்டு இரண்டு தடவை படிக்கச் சொன்னேன், பிறகு என் கையாலேயே எழுதிக்கொண்டேன். பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன், அவர் சரிபார்த்தார். நீ கிழித்த இடத்தில் ஒட்டிக்கொள்:

"இறந்தவர் தம்முடைய பாதுகாப்புக் கடமையைச் சரிவரச் செய்திருந்தார் என்றும், அவரிடம் எந்தக் கவனக்குறைவும் இல்லை என்றும் இந்நீதிமன்றம் காண்கிறது."

அப்பா


மார்ச் 20

அப்பா,

சுகமா? நாங்கள் இருக்கிறோம்.

எல்லாக் கடிதங்களும் வந்தன. படித்தேன். செப்டம்பரில் வந்ததை மட்டும் முழுதாக ஒரே மூச்சில் படிக்க இன்னும் முடியவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. இனிமேல் உங்கள் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று எழுதவும் வரவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்கத்தான் வருகிறது. அது பழக்கமா, பாசமா என்று எனக்கே தெரியவில்லை.

தம்பியிடம் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்க ஆள் இல்லை. நீங்கள் அனுப்பிய வரியைச் சின்னவனின் லாரிக்குள் மடித்து வைத்திருக்கிறேன். படிக்கத் தெரியும்போது அவனே எடுத்துப் படிப்பான்.

இங்கே வந்துவிடுங்கள். தனியாகச் சமைத்து நாய்க்குப் போட்டது போதும். நான் டியூட்டியில் இருப்பேன், இவர் ஆபீசில் இருப்பார், வந்தால் வாசலில் நிற்க வேண்டாம் என்று எங்கள் வீட்டுச் சாவியில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்


மார்ச் 29

அன்புள்ள மகளுக்கு,

மூவரும் நலமாக இருப்பீர்கள். நான் சாப்பிட்டேன். நீ கேட்டது பழக்கமா பாசமா என்று தெரியாது, பாசமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

உறையைப் பிரித்ததும் சாவி மேஜையில் விழுந்தது. சத்தம் என் காதுக்குக்கூடக் கேட்டது. கோபித்துக்கொள்ளாதே, அதை இதே தபாலில் திருப்பி அனுப்புகிறேன். உன் மனசு எனக்குப் புரிகிறது. இன்னொருவர் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்க இனி என்னால் ஆகாது.

ஆனால் வருகிறேன். பொருள் அதிகமில்லை. குளியலறைக் கதவைத்தான் கழற்றி எடுத்துவர முடியாது. காலையில் குளிக்கும்போது கொஞ்ச நேரம் தண்ணீரை நிறுத்திவிட்டு நிற்கிறேன். இரண்டு பேருக்கும் விளையாட்டாக இருந்தது ஒருத்தனுக்கு விளையாட்டாக இல்லை.

ரயில் மத்தியானம் வந்து சேருமாம். நீ டியூட்டியில் இருந்தால் படியில் உட்கார்ந்திருக்கிறேன். உட்காரப் பழகியவன்தான். நீங்கள் யாராவது வீட்டில் இருந்தாலும் நானாகக் கதவைத் தள்ள மாட்டேன். தட்டுவேன். மூன்று தடவை கூப்பிடுவேன், "உள்ளே யாரு?" என்று. அக்கம்பக்கத்தார் பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

நீ பதில் சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்லு அம்மா. என் காது உனக்குத் தெரியுமே.

அப்பா